கோல் கேட்கும் இடம்

புக்கிட் மெர்தாஜாமை ஊர்க்காரர்கள் பி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், மலையடிவாரத்தில், ரயில் பாதைகள் சந்திக்கும் ஊர். அங்குள்ள கடைவீடுகள் நாட்டின் மற்ற ஊர்களில் இருப்பவற்றைப் போலவே முகம் குறுகி உடல் நீண்டவை. அகலம் பொதுவாக 20 அல்லது 22 அடி, நீளம் 70 அல்லது 75 அடி. கீழே சாப்பாட்டுக் கடையோ மருந்துக் கடையோ இருக்கும். பக்கத்தில் ஒரு மாடிப்படி. மலேசிய நகரங்களில் ஒரு காலத்தில் பெருகிய ஸ்னூக்கர் சென்டர்கள் இப்படிப்பட்ட படிகளின் உச்சியில்தான் இருந்தன. பச்சைத் துணி, தாழத் தொங்கும் நீள விளக்கு, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள்.

எந்த அளவு மேசை நல்லது என்ற கேள்வி அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புதியதல்ல. பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் மேசையில் பழகியவர் மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை ஆட்டம் என்பார். ஒன்பது அடி பூல் மேசைக்காரர் உலகப் போட்டிகளே அதில்தான் நடக்கின்றன என்பார். ஏழடி மேசையில் நண்பர்களோடு சனிக்கிழமை இரவைக் கழித்தவருக்கு அதன்மேல்தான் பிரியம். மூவரும் சொல்வது அவரவர் ருசி. ருசிக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: சுவர். மேசை வாங்குவது பற்றிய எந்தப் பேச்சையும் சுவரிலிருந்து தொடங்குவதே முறை.

அளவுகளை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிடலாம். ஸ்னூக்கருக்கும் இங்கிலீஷ் பில்லியர்ட்ஸுக்கும் உரிய முழு மேசையைப் பன்னிரண்டடி மேசை என்கிறோம். குஷன் முனையிலிருந்து முனைவரை பந்து ஓடும் பரப்பு 11 அடி 8½ அங்குல நீளம், 5 அடி 10 அங்குல அகலம். ஒன்பதடி பூல் மேசையின் ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். எட்டடி மேசைக்கு அது 88க்கு 44. ஏழடி மேசைகள் செய்பவரைப் பொறுத்துச் சற்று மாறும். 78க்கு 39 என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு என்ற விகிதம் பூல் மேசைகள் எல்லாவற்றிலும் அப்படியே நிற்கிறது. அதனால் குஷனில் பட்டுத் திரும்பும் கோணக் கணக்கு எந்த மேசையிலும் ஒன்றேதான். ஓரச்சட்டத்தில் பதித்திருக்கும் வைரக் குறிகளை எண்ணி அடிக்கக் கற்றவர் ஏழடியில் கற்றதை ஒன்பதடியிலும் பயன்படுத்தலாம்.

மேசை மாறும்போது மாறாமல் இருக்கும் இன்னொன்று கோல். பெரியவர்கள் ஆடும் கியூ கோலின் வழக்கமான நீளம் 58 அங்குலம், அதாவது 4 அடி 10 அங்குலம். பந்து குஷனை ஒட்டி நிற்கும்போது கோல் ஏறத்தாழ முழுவதும் ஆடுபரப்புக்கு வெளியே நிற்கும். ஆகவே நான்கு பக்கமும் ஒரு கோல் நீளம் காலியாக இருக்க வேண்டும். ஆடுபரப்போடு நீளத்தில் இரண்டு கோல், அகலத்தில் இரண்டு கோல் சேர்த்தால் அறையின் அளவு வரும். கணக்கு எளிது, ஆனால் அதன் விடை பலரை வியக்க வைக்கும். ஒன்பதடி மேசைக்கு 18 அடிக்கு 13 அடி 10 அங்குலம் கொண்ட அறை வேண்டும். எட்டடி மேசைக்கு 17க்கு 13 அடி 4 அங்குலம். ஏழடி மேசைக்கு 16 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 11 அங்குலம். மேசையில் இரண்டு அடியைக் குறைத்தவர் அறையின் நீளத்தில் இரண்டு அடிக்கும் குறைவாகவே மிச்சம் பிடிக்கிறார். அகலத்தில் மிஞ்சுவது ஓர் அடிகூட இல்லை. இடத்தைப் பிடித்துக்கொள்வது பலகையைவிடக் கோலும் அதைப் பின்னுக்கு இழுக்கும் முழங்கையும்தான்.

இந்தக் கணக்கை ஒரு கடைவீட்டுக்குள் கொண்டுபோனால் தொழிலின் உள்ளே நடப்பது தெரியும். 22 அடி அகலக் கடையில் சுவர்கள் போக உள்ளே ஏறத்தாழ 21 அடி கிடைக்கும். பன்னிரண்டடி மேசையைக் குறுக்காகப் போட 21 அடி 4½ அங்குலம் தேவை. நாலு அங்குலம் பற்றாது. எனவே அது கடையின் நீளவாக்கில்தான் நிற்கும். அப்போது அகலத்தில் 15 அடி 6 அங்குலம் போய்விடும். மிச்சமிருக்கும் ஐந்தரை அடியில்தான் நாற்காலிகளும், கோல்களைச் சாய்த்து வைக்கும் சட்டமும், ஸ்கோர் பலகையும், போக வர வழியும். காத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்கச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியை உண்டாக்கியது இந்த ஐந்தரை அடிதான். படி, கழிவறை, பணம் வாங்கும் இடம் எல்லாம் கழித்து 60 அடி நீளம் மிஞ்சுகிறது என்று கொண்டால், மேசைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு கோல் இடைவெளி விட்டு மூன்று மேசை போடலாம். நாலாவதற்கு இடமில்லை.

அதே அறுபது அடியில் ஒன்பதடி பூல் மேசையைக் குறுக்காகப் போடலாம். ஒவ்வொன்றும் ஒரு கோல் இடைவெளியோடு சேர்த்து ஒன்பது அடியை எடுத்துக்கொள்ளும். ஆறு மேசை வரும். மூன்று மேசைக்கு வாடகை கட்டிய இடத்தில் ஆறு மேசை என்றால் கடைக்காரர் எதைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை. பல ஊர்களில் ஸ்னூக்கர் குறைந்து பூல் வளர்ந்ததற்குத் தொலைக்காட்சியையும் இளைஞர்களின் மனநிலையையும் காரணமாகச் சொல்வார்கள். அவற்றோடு இந்த அறுபது அடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சிறிய மேசை போட்டால் இன்னும் அதிகம் போடலாமே என்று தோன்றும். எட்டடி மேசைக்கு இடைவெளியோடு 8½ அடி. ஏழடி மேசைக்கு 8 அடி 1 அங்குலம். அறுபது அடியில் எட்டடி மேசையும் ஆறுதான், ஏழடி மேசையும் ஆறுதான். ஏழாவது மேசைக்கு ஓர் அடிக்கும் மேல் குறைகிறது. ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கிய கடைக்காரர் ஒரு மேசையைக்கூடக் கூடுதலாகப் பெறவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை மட்டும் இழந்திருப்பார்.

ஏழடி மேசை பிறந்த இடம் வேறு. அமெரிக்காவின் மதுக்கூடங்களிலும் பிறகு இங்கிலாந்தின் பப்களிலும் நாற்காலிகளை ஒதுக்கிக் கிடைத்த மூலையில் காசு போட்டு ஆடுவதற்காக வந்த மேசை அது. குழியில் விழுந்த பந்து உள்ளே பூட்டிக்கொள்ளும். அடுத்த காசு விழுந்தால்தான் வெளியே வரும். வெள்ளைப் பந்து மட்டும் தவறி விழும்போது திரும்பி வந்தாக வேண்டுமே, அதற்காக அதைச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ செய்தார்கள், அல்லது உள்ளே உலோகம் வைத்துக் காந்தத்தால் பிரித்தார்கள். எடையும் அளவும் மாறிய அந்த வெள்ளைப் பந்து மற்றப் பந்துகளில் மோதும் விதமும் மாறியது. பணம் வாங்கும் பெட்டியின் வசதி ஆட்டத்தின் இயல்புக்குள்ளேயே புகுந்துவிட்ட கதை இது. அமெரிக்காவில் வாரந்தோறும் ஆடும் ஆயிரக்கணக்கான அமெச்சூர் குழுக்கள் இன்றும் ஏழடி மேசையில்தான் மோதுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தாழ்த்திப் பேச இடமில்லை. பந்தின் அளவு எல்லா அமெரிக்க பூல் மேசைக்கும் ஒன்றுதான், குறுக்களவு 2¼ அங்குலம். ஏழடி மேசையின் பரப்போ ஒன்பதடியின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. அதே பதினைந்து பந்துகள் அந்தச் சிறிய இடத்தில் முண்டியடிக்கும்போது ஒன்றையொன்று மறைக்கும், கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். தூரத்தை அடிப்பது எளிதாகிறது. வெள்ளைப் பந்தை நெரிசலுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்துவது கடினமாகிறது.

பெரிய மேசை கற்றுக்கொடுப்பது வேறு பாடம். அடித்த பந்து ஒரு டிகிரி விலகிப் போனால் மூன்று அடி தூரத்தில் அந்தப் பிசகு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்பது அடி தூரத்தில் அதுவே ஏறத்தாழ இரண்டு அங்குலம். ஒன்பதடி பூல் மேசையின் மூலைக்குழி வாய் நாலரை அங்குலம். பந்தின் குறுக்களவைக் கழித்தால் இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் மன்னிப்பு உண்டு. ஸ்னூக்கர் குழி ஏறத்தாழ மூன்றரை அங்குலம், பந்து 52.5 மில்லிமீட்டர். பக்கத்துக்கு முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகவே இடம். குழியின் கன்னங்களும் வளைந்திருப்பதால் உரசிய பந்தை அவை உள்ளே விடாமல் வெளியே துப்பிவிடும். கணக்குப்படி, ஒரு டிகிரி பிசகிய பந்து பூல் மேசையில் ஏறத்தாழ ஐந்தரை அடிவரை பிழைத்துக் குழியில் விழும். ஸ்னூக்கரில் மூன்றரை அடிக்குள்ளேயே அதன் கதை முடிந்துவிடும்.

இதற்கு உயிருள்ள சாட்சி அலிசன் ஃபிஷர். இங்கிலாந்துப் பெண். பன்னிரண்டடி மேசையில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை ஏழு முறை வென்றவர். 1995இல் அமெரிக்கா போய் ஒன்பதடி மேசையில் நைன்-பால் என்ற பூல் ஆட்டத்தை ஆடத் தொடங்கினார். அங்கும் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தார். அவர் வழியில் கேரன் கோர், கெல்லி ஃபிஷர் என்று மற்ற ஸ்னூக்கர்ப் பெண்களும் போய் வென்றார்கள். பெரிய மேசையிலிருந்து சிறிய மேசைக்குப் பாதை திறந்திருக்கிறது. எதிர்த் திசையில் போய் அதே அளவுக்கு வென்றவர்கள் இல்லை.

ஸ்னூக்கரின் பிறப்பில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில், மழைக்கால ஓய்வில், நெவில் சேம்பர்லேன் என்ற பத்தொன்பது வயது அதிகாரி கறுப்புப் பந்து ஆட்டத்தோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிறகு மதராஸ் படைத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் பணியாளர் குழுவில் சேர்ந்து, கோடையெல்லாம் உதகமண்டலத்தில் இருந்தார். 1882இல் அந்த ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. யார் கண்டுபிடித்தது என்று பிற்காலத்தில் தகராறு வந்தபோது 1938இல் சேம்பர்லேனே லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. புது ஆட்டத்துக்கென்று அவர்கள் புது மேசை செய்யவில்லை. கிளப்பில் ஏற்கெனவே கிடந்த பில்லியர்ட்ஸ் மேசைமேல் பந்துகளைக் கூட்டினார்கள். இன்றைய ஸ்னூக்கர் மேசையின் அளவு இப்படித்தான் வந்தது: உயர்ந்த கூரையும் பரந்த அறையும் கைநிறைய வேலையாட்களும் கொண்ட காலனிக் கிளப்பின் அளவு. அந்த அறைகளில் ஸ்கோர் எண்ணி, கோல் எடுத்துக் கொடுத்து, துணியைத் துலக்கி நின்றவர்களை மார்க்கர் என்றார்கள். இந்தியக் கிளப்புகளில் நம்மவர்கள் முதலில் மேசைக்குப் பக்கத்தில் நின்றது அப்படித்தான்.

மலாயாவில் தோட்டத்துரைமாரின் கிளப்புகளுக்கும் அதே வழக்கம் வந்தது. பி.எம். ஊரைச் சுற்றி ஆல்மா போன்ற ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. விடிவதற்கு முன்னே மங்குகளோடும் பால் வாளியோடும் நிரைக்குப் போன தமிழர்கள் வடித்த பால் உலகம் முழுவதும் போயிற்று. பில்லியர்ட்ஸ் மேசையின் உயிரே குஷனில் இருக்கிறது. குஷன் என்பது ரப்பர். பந்து வந்த வேகத்தில் திரும்பிப் போவது, கோணக் கணக்கு, தற்காப்பு ஆட்டம் எல்லாம் அந்த விரலளவுப் பட்டையை நம்பி நிற்கின்றன. இங்கிலாந்தில் ஜான் தர்ஸ்டன் 1830களில் ரப்பர் குஷன்களைக் கொண்டுவந்தார். குளிரில் இறுகிப்போன அவை, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகே நிலைபெற்றன. பின்னாளில் மலாயா ரப்பரில் ஒரு துளியாவது அந்தப் பட்டைகளுக்குள் போயிருக்கும். அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று மேசைமேல் குனிந்து, தாத்தா வடித்த பொருளில் பந்தை மோதித் திருப்புகிறார்கள். இதை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் மேசை வெறும் பொழுதுபோக்குப் பொருளாகத் தோன்றாது.

துணிக்கு அடியில் கல் இருக்கிறது. ஸ்லேட் கல். முழு மேசையில் ஐந்து துண்டு, ஒன்பதடியில் மூன்று துண்டு. ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஸ்னூக்கர் கல் ஒரு துண்டு 170 கிலோ அளவுக்கு வரும். அதைக் கடைவீட்டின் குறுகிய படியில் ஏற்றுவதற்கு நாலைந்து பேரின் முதுகு வேண்டும். முழு மேசை ஒரு டன்னைத் தாண்டும். மாடித் தளம் அதைத் தாங்குமா என்று கட்டடம் தெரிந்தவரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. ஓர் அங்குலத் தடிமன் கொண்ட ஒன்பதடி மேசையின் கல் ஒரு துண்டு ஏறத்தாழ 90 கிலோ. மூன்று பேர் சமாளிக்கலாம்.

மலிவு மேசைகளில் கல்லுக்குப் பதில் அழுத்திய மரப்பலகை இருக்கும். வாங்கும் நாளில் வித்தியாசம் தெரியாது. ஈரம் ஏறும் ஊரில் இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் பலகை மெல்ல வயிறு தள்ளும். பந்தை மெதுவாக உருட்டினால் தானாக ஒரு பக்கம் சாயும். கல்லுக்கு அந்த வியாதி கிடையாது. கல்லின் பொறுமை பி.எம்.காரர்களுக்குத் தெரிந்ததுதான். மலையடிவாரத்தில் செரோக் தோக்கூனில், புனித அன்னாள் தேவாலய வளாகத்துப் பாறையில் பல்லவ எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டு மழை அதன்மேல் பெய்திருக்கிறது. ஜூலை மாதத் திருவிழாவுக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் சிலர் அதையும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே மேசை வாங்குகிறவர் ஏழா ஒன்பதா என்று கேட்பதற்கு முன்னால் கல்லா பலகையா என்று கேட்க வேண்டும். ஒன்பதடிப் பலகை மேசையைவிட ஏழடிக் கல் மேசை எவ்வளவோ மேல்.

ஈரம் துணியையும் விடுவதில்லை. ஸ்னூக்கர்த் துணி ஒரு திசையில் படிந்த கம்பளி மயிர் கொண்டது. தினமும் துலக்கி, இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். இங்கிலாந்தின் நல்ல மேசைகளில் கல்லுக்கு அடியில் சூடேற்றி வைத்து ஈரத்தை விரட்டுகிறார்கள். நம் பக்கம் வெளியே காற்றே நனைந்திருக்கிறது. குளிர்சாதனம் நின்ற அறையில் துணி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பந்து இழுவையில் ஓடும். பன்னிரண்டு அடியைப் பந்து கடக்க வேண்டிய மேசையில் இந்த இழுவை ஆட்டத்தையே மாற்றிவிடும். மெல்லத் தொட்டு நகர்த்த வேண்டிய பந்தை ஆட்டக்காரர் ஓங்கி அடிக்கப் பழகுவார். அப்படிப் பழகிய கை பிறகு திருந்துவது பெரும்பாடு. பூல் மேசையின் துணி மயிரில்லாத வழவழப்பு நெசவு. ஓட வேண்டிய தூரமும் குறைவு. எந்நேரமும் குளிர்சாதனம் ஓட்ட முடியாத இடத்துக்கு ஒன்பதடி பூல் மேசை பொருந்துவதற்கு இது வலுவான காரணம்.

வீட்டுக்கு வருவோம். ஆல்மா பக்கம் ஒரு தாமானில், 20 அடி அகல வரிசை வீட்டில் இருக்கும் ஒருவர் மகனுக்காக மேசை வாங்க நினைக்கிறார் என்று கொள்வோம். ஹாலின் அகலம் 12 அடி. ஒரு சுவரில் சாமி மேடை, எதிரே தொலைக்காட்சி, நடுவில் சோபா. ஏழடி மேசைக்கே 12 அடி 11 அங்குலம் தேவை. 52 அங்குலக் குட்டைக் கோல் வாங்கினால் 11 அடி 11 அங்குலத்தில் அடங்கும், ஆனால் சோபாவும் சாமி மேடையும் வேறு இடம் தேட வேண்டும். “அப்பா, கோல் சுவத்துல இடிக்குது” என்று முதல் வாரத்திலேயே பையன் சொல்வான். சுவருக்குப் பயந்து கோலின் பின்பக்கத்தைத் தூக்கிச் செங்குத்தாக அடிக்கப் பழகுவான். பந்து வளைந்து போகும். ஆறு மாதத்தில் அந்த மேசைமேல் துவைத்த துணி மடித்து அடுக்கியிருக்கும். பணம் போனது ஒரு பக்கம், பிள்ளையின் கை கெட்டது இன்னொரு பக்கம். சின்ன வீட்டுக்குச் சின்ன மேசை என்ற எண்ணத்தால் வரும் இழப்பு இது.

பிள்ளைக்குச் சிறிய மேசைதான் சரி என்ற பேச்சையும் கொஞ்சம் ஆராய வேண்டும். மேசையின் நீளம் குறைந்தாலும் உயரம் அதிகம் குறைவதில்லை. ஒன்பதடியானாலும் ஏழடியானாலும் ஏறத்தாழ இரண்டரை அடி உயரம்தான். ஸ்னூக்கர் மேசை இன்னும் மூன்று நான்கு அங்குலம் உயரம். பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த மேசையும் உயரம்தான், ஒரு பலகைமேல் ஏறி நின்றால் சரியாகிவிடும். எட்டாத தூரம் வேறு விஷயம். ஸ்னூக்கர் மேசையின் 70 அங்குல அகலத்தில் நடுவில் நிற்கும் பந்துக்குப் பெரியவர்களே கைக்குப் பதிலாகக் கியூவைத் தாங்கும் ரெஸ்ட் கோலை எடுப்பார்கள். ஒன்பதடியின் 50 அங்குல அகலத்தில் வளர்ந்த பிள்ளை பெரும்பாலான பந்துகளை எட்டிவிடும். அதற்காக ஏழடிக்கு இறங்கத் தேவையில்லை.

நம் வீடுகளுக்குள் எந்தச் சண்டையும் இல்லாமல் நுழைந்த மேசை ஒன்று உண்டு. கேரம் பலகை. அதன் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர்ச் சதுரம். விரல் பலகையின் ஓரத்தைத் தாண்டிப் பின்னால் போக வேண்டியதில்லை, நாலு பேர் சம்மணம் போட்டு உட்காரும் இடம் போதும். அதனால்தான் சென்னையின் நெருக்கமான தெருக்களிலிருந்து மரிய இருதயம் போன்ற உலக சாம்பியன் வர முடிந்தது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள்தான். கேரம் வீட்டுக்குள் அடங்கியது, வீட்டுக்குள்ளிருந்தே உலகத்துக்குப் போனது. கோல் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு ஒரு பொது அறை வேண்டும். அறை யாருடையது என்பதைப் பொறுத்தே ஆடுபவர் யார் என்பது அமைகிறது.

மலேசியத் தமிழ் வீடுகளில் “அவன் ஸ்னூக்கர் சென்டருக்குப் போறான்” என்பது ஒரு புகார். மாடி அறை, புகை, இரவு நேரம், பந்தயக் காசு, சேரக் கூடாதவர்களின் சேர்க்கை என்று அம்மாக்கள் அஞ்சுவதில் உண்மை இல்லாமல் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்ற அறிவிப்பைப் பல வாசல்களில் பார்க்கலாம். பெண் பிள்ளைகள் அந்தப் படியில் ஏறுவது அரிது. அந்த அச்சம் மேசையால் வந்ததல்ல, மேசை இருக்கும் இடத்தால் வந்தது. கீழ்த்தளத்தில், கண்ணாடி முகப்போடு, தெருவிலிருந்து யாரும் பார்க்கும்படி அதே மேசை இருந்தால் அதே அம்மா மகளைத் தானே கூட்டிவந்து விடுவார். சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025இல் தோகாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். தமிழ்ப் பெண்ணுக்கு இந்த மேசை அந்நியமில்லை என்பதை அவர் பன்னிரண்டடி மேசையிலேயே நிறுவிவிட்டார். பி.எம்.மில் அவரைப் போன்ற ஒரு பெண் நின்று பழக ஓர் அறை இருக்கிறதா என்பதே இனிக் கேட்க வேண்டியது.

இவ்வளவையும் எடை போட்டால் இந்த ஊருக்கு ஒன்பதடி பூல் மேசையே சரியானது. பன்னிரண்டடி ஆட்டத்தின் உச்சம், அதில் ஐயமில்லை. ஆனால் அதன் எடையும் துணியின் தேவைகளும் ஒரு பொது மண்டபத்தின் சக்திக்கு மேற்பட்டவை. ஏழடி நட்புக்கு நல்லது, இடத்தில் பெரிய மிச்சம் தராது. ஒன்பதடியில் பிசகு கண்ணுக்குத் தெரியும், கற்றவர் கையை உலகப் போட்டிவரை கொண்டுபோகும். அங்கிருந்து ஒருவர் ஸ்னூக்கருக்கு ஏற ஆசைப்பட்டால், கடினம்தான், என்றாலும் ஏழடியிலிருந்து ஏறுவதைவிடப் பக்கம்.

தாமான்களின் குடியிருப்போர் சங்கங்களிலும், கோயில் மண்டபங்களின் நிர்வாகத்திலும், இளைஞர் மன்றங்களிலும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு ஓர் அளவுநாடாவைக் கொண்டுபோங்கள். மண்டபத்தின் கீழ்த்தளத்தில், தூண் குறுக்கிடாமல், 18 அடிக்கு 14 அடி காலியாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால், செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் அனுமதி கேட்டு, கல் அடித்தளம் கொண்ட ஒரு மேசையைப் போடுங்கள். பழையதானாலும் பரவாயில்லை, துணியையும் குஷனையும் மாற்றிக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து ஒன்பதுக்குச் சாத்துங்கள். வாரத்தில் இரண்டு நாளைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள்.